‘மைக்கு ஒண்ணு போதும்’ என்று பாடிவிட்டுப் போன அன்வருக்கு

என் உயிர்க் கூட்டாளி அன்வருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதத்தைத் தொடங்குவார்கள். உன்னிடம் அதைக் கேட்க வழியில்லை. அதனால் எப்போதும்போல வம்பிலிருந்தே தொடங்குகிறேன். இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கோவித்துக்கொள்ளாதே. தனியாக உன்னிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன், நீ வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் எதிரில் கேட்டால் உன்னால் மழுப்ப முடியாது.

‘கிளாஸ் ரூமு வேணாம், கிரிவலப் பாதை போதும்
மார்க்கு ஷீட்டு வேணாம், மைக்கு ஒண்ணு போதும்’

இந்த இரண்டு வரியும் நீ எழுதியவை. இவற்றை நம்பித்தான் எழுதினாயா? இல்லை, தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டாயா? இதுதான் கேள்வி. ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நீதான். புது நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன். யாராவது ‘சூப்பர்டா தம்பி’ என்று தட்டிக்கொடுத்தால் முதுகில் என்ன ஒட்டினான் என்று தடவிப் பார்ப்பேன். ‘வாடா போலீஸ்காரா’ என்பாய். நீ போன பிறகு அந்தப் புத்தி ஜாஸ்தியாகிவிட்டது. சாதாரணக் காய்ச்சல் என்று போய்ப் படுத்தவன் இனி எழுந்து வரமாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையே நான் ரொம்ப நாள் நம்பவில்லை.

இங்குள்ள சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டு சாகவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் பையன்கள் கும்பலாக நடந்துபோகும்போது அந்த இரண்டு வரியைக் கத்திக்கொண்டே போகிறார்கள். நீ யார், நான் யார் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. நான் அதே மைக் செட் கடையில்தான் வேலை பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்குகிறேன். யாராவது கூப்பிட்டால் போய்ப் பாடுகிறேன். தனியாகப் பாடினால் மூச்சு வாங்குகிறது. நீ பாடும்போது நான் மூச்சு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

போன சித்திரை வெயிலில் ஒரு போன் வந்தது. புது நம்பர்தான். கடை முதலாளி பக்கத்தில் இருந்ததால் எடுத்தேன். பைபாஸ் பக்கம் இருக்கிற தனியார் கல்லூரியிலிருந்து ஒரு மேடம். ‘ராப் பாடகராகக் கல்லூரிப் படிப்பு தேவையா, தேவையில்லையா’ என்று பட்டிமன்றம் நடத்துகிறார்களாம். ‘தேவையில்லை’ பக்கத்துக்கு நான் வரவேண்டுமாம்.

“உங்க பாட்டு எங்க ஸ்டூடண்ட்ஸுக்கெல்லாம் மனப்பாடங்க தம்பி. நீங்க வந்தாதான் களை கட்டும்” என்றார்.

எனக்கு உடனே மூக்கு வேர்த்தது. அது எந்தக் கல்லூரி தெரியுமா? கலை விழாப் போட்டிக்கு நாம் போனபோது, ஐடி கார்டு எங்கே என்று கேட்டு வாட்ச்மேன் வெளியே நிறுத்தினாரே, அதே கேட். கேட்டுக்கு வெளியே நின்று பாடி, பஸ் ஸ்டாப்பில் கூட்டம் சேர்த்துவிட்டு வந்தோமே, அதே இடம். அவர்களுக்குத் திடீரென்று நம்மேல் ஏன் பாசம்?

“இது அட்மிஷன் டைமுங்களா மேடம்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அப்படியும் வெச்சுக்கலாம்பா” என்றார். நேர்மையாகச் சொன்னதாலேயே இன்னும் சந்தேகமாகிவிட்டது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். நம்மை உள்ளே விடாத கேட்டுக்குள் ஒருமுறையாவது நுழைந்து பார்க்கவேண்டும் என்ற ஆசைதான், மறைப்பானேன்.

பேசுகிறவர்களை ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எதிர்ப்பக்கம் மூன்று பேரும் அந்தக் கல்லூரிப் பேராசிரியர்கள். என் பக்கம் நானும், அங்கேயே படிக்கிற மூன்றாம் வருஷப் பையன்கள் இரண்டு பேரும். கல்லூரி தேவையில்லை என்று பேசப்போகிற இருவர் கழுத்திலும் கல்லூரி ஐடி கார்டு தொங்குகிறது. அதில் ஒருத்தன் என் காதருகே வந்து, “அண்ணா, நாம நல்லா பேசணுமாம், ஆனா தோத்துடணுமாம். ஹெச்.ஓ.டி. சொல்ட்டாங்க” என்றான். நடுவர் யார் என்று விசாரித்தேன். கல்லூரி நிர்வாகிக்குச் சொந்தக்காரர். மச்சான், நான் ஒருமுறையாவது வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறேனா?

இரண்டு நாள் கழித்து உச்சி வெயிலில் உன் அம்மா, நம் அம்மி, கடைக்கு வந்தார். நீ இருந்தபோதே அவர் மைக் செட் கடைப் படியேறியதில்லை. ஆம்ப்ளிபயர் பெட்டிமேல் துணி விரித்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீ காலேஜ்ல பேசப்போறியாமே பேட்டா. அந்தப் பக்கம் பேசாதப்பா. இந்தப் பக்கம் பேசு” என்றார்.

“எந்தப் பக்கம் அம்மி?”

“படிப்பு வேணும்னு சொல்ற பக்கம்.”

“யார் உங்களக் கேக்கச் சொன்னாங்க?”

அந்த மேடம்தான் அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன், பார்த்துக்கொள். அம்மி என்னை ஒருமாதிரி பார்த்தார். “ஷபானாவுக்குக் கவருமெண்டு காலேஜ்ல சீட்டு வந்திருக்குது. சேரணும். நீ சொன்னா ஆகும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உன் தங்கச்சி ஷபானா நம் பாட்டைக் கேட்டுக் கெட்டுப்போய்விட்டாள், அண்ணன்போல ராப் பாடுகிறேன் என்று படிப்பை வேண்டாம் என்கிறாள், நான் போய்ப் புத்தி சொல்லவேண்டும். அவள் எழுதுவாள் என்பது நமக்குத் தெரியும்தானே. நாம் உன் தாய்மாமன், அந்த மாமுவின் மெத்தைக் கடை குடோனில் ரெக்கார்டு பண்ணும்போது வாசலில் வந்து நிற்பாள். சுற்றிலும் பஞ்சு மெத்தை அடுக்கியிருக்கும், வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது, தும்மல் மட்டும் நிற்காது. “ஒரு வரி நானும் பாடறேன் அண்ணா” என்பாள். நீ ஹெட்போனைக் கழற்றாமலே, “போ போ, போய்ப் படி” என்பாய்.

உன் வீட்டுக்குப் போனேன். அவளுக்குப் புத்தி சொல்ல என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஐடி கார்டு இல்லாமல் நாம் பட்ட பாடு, சென்னைக் கம்பெனிக்காரன் இங்கிலீஷில் கொடுத்த ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டது, எல்லாம். அவள் முழுசாகக் கேட்டாள். உன்னைப்போல நடுவில் பாய்கிறவள் இல்லை அவள்.

“முடிஞ்சுதா அண்ணா? நான் காலேஜ் வேணாம்னு எப்பச் சொன்னேன்?”

“அப்ப அம்மி?”

“மாமுதான் வேணாங்கறாரு.” அவள் குரல் மாறவே இல்லை. “உங்க பாட்டைத்தான் சொல்றாரு. ‘உன் மவன் படிக்கல. படிப்பு வேணாம்னு மைக் வெச்சுப் பாட்டே பாடினான். ஊரே தலைல தூக்கி வெச்சு ஆடுச்சு. பையனுக்கே வேணாம்னா பொண்ணுக்கு எதுக்கு? நல்ல எடம் வந்திருக்குது, முடிச்சுடலாம்’னு அம்மிகிட்ட சொல்றாரு. அவருக்கு முழுப்பாட்டும் தெரியும். அவரு குடோன்லதான பாடினீங்க.”

நம் பாட்டை யார் யாரோ எதற்கெதற்கோ பாடுவார்கள் என்று நினைத்திருக்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தேதி குறிக்க உன் மாமு அதைப் பாடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் என்றும் சொல்ல முடியாது. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டைத் தாங்கினவர் அவர்தான். அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? பிளஸ் டூ முடித்த அதே வைகாசியில் எங்கள் அக்காவுக்குத் தாலி ஏறியது. அதற்கு ஒரு பாட்டுகூடத் தேவைப்படவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் கிரிவலப் பாதை போதும்னு பாடினீங்க. நல்லா இருந்துச்சு. அந்தப் பாதைல நான் தனியா நின்னு பாடினா வுடுவீங்களா? காலேஜுக்குப் போனா காலைல பஸ் ஏறி சாயங்காலம்தான் வருவேன். மூணு வருஷம் யாரும் எதுவும் கேக்க முடியாது. எனக்கு அதுதான் வேணும். ராப்புக்குக் காலேஜ் தேவையா இல்லையான்னு நீங்க பட்டிமன்றம் போட்டுக்கோங்க. எனக்குத் தேவை” என்றாள்.

அம்மி அடுப்படியிலிருந்து வந்து நடுவில் நின்றார். “அன்வர் அவளப் படின்னுதான் சொல்லுவான். எத்தினி தடவை நானே கேட்டிருக்கேன், போய்ப் படி, போய்ப் படின்னு” என்றார். ஷபானா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அம்மியிடம் இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உன்மேல்தான் சந்தேகம். நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய்? ‘மாமு, அது பாட்டு, இது அவ வாழ்க்கை’ என்று சொல்லியிருப்பாயா? இல்லை, தங்கச்சி விஷயம் என்றதும் நீயும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷனாகியிருப்பாயா? மேடையில் அவ்வளவு தைரியமாகப் பேசுகிற பையன்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உன்னை அந்தக் கணக்கில் சேர்க்க மனசு வரவில்லை. சேர்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பட்டிமன்றத்துக்கு மைக் செட்டும் எங்கள் கடைதான். மதியமே போய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன். ஷபானாவோடு மாமுவையும் அம்மி எப்படியோ பேசிக் கூட்டிவந்திருந்தார். மாமு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

பேராசிரியர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவர் நடுநடுவே நகைச்சுவை சொன்னார். என் பக்கத்துப் பையன்கள் சொன்னபடி நன்றாகப் பேசித் தோற்றார்கள். பொழுது சாய்ந்தது. என் பெயரைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமு எழுந்தார். மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்து போயேவிட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் மைக்கைப் பிடித்தேன்.

நான் கட்சி மாறவில்லை மச்சான், அதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

“ராப்புக்குக் காலேஜ் தேவையில்லைங்க. அதச் சொல்லத்தான் வந்தேன், அதத்தான் சொல்றேன்” என்று தொடங்கினேன். “நானும் அன்வரும் மூச்சுப் புடிக்கறத மலையச் சுத்தி வேகமா நடந்துகினே பாடிக் கத்துக்கிட்டோம். வார்த்தைய பஸ் ஸ்டாண்டுல கத்துக்கிட்டோம். எங்க ஒப்பந்தத்தை ஒரு டிகிரிக்காரர்கிட்டதான் குடுத்துப் படிக்கச் சொன்னோம். நல்லா இருக்குது, போடுங்கன்னாரு. போட்டோம். பாட்டு இப்ப கம்பெனி பேர்ல இருக்குது.”

கூட்டம் சிரித்தது. நடுவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.

“ஆனா ஒண்ணுங்க. எங்களுக்கு ரோடு இருந்துச்சு. எங்கடா போறேன்னு யாரும் கேக்கல. ஊர்ல பாதிப்பேருக்கு அந்த ரோடு இல்ல. வீட்ட வுட்டு வெளிய வரணும்னா அவங்களுக்கு இருக்கறது காலேஜ் பஸ் ஒண்ணுதான். எங்க பாட்டச் சொல்லி ஒரு பொண்ணோட படிப்ப யாராவது நிறுத்தினா, அது எங்க பாட்டே இல்ல. அன்வர் கூட்டாளி சொல்றேன். அந்தப் பொண்ணப் படிக்க அனுப்புங்க.”

கைதட்டல் வந்தது. எந்த வரிக்குக் கைதட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஷபானா கைதட்டவில்லை, அதைக் கவனித்தேன். ‘பாட்டுக்கு வேண்டாம், வாழ்க்கைக்கு வேண்டும்’ என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். கல்லூரி ஜெயித்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு நானே கேபிள் சுருட்டினேன். கேட்கவேண்டியவர் கேட்கவில்லையே என்று மனசு கசந்து கிடந்தது.

அடுத்த வாரம் என் சந்தேகம் பலித்தது. கல்லூரிக்காரர்கள் என் பேச்சை வெட்டி ஒரு வீடியோ போட்டார்கள். தேவையில்லை என்று சொன்னது, ஒப்பந்தக் கதை, ரோடு, எல்லாம் போயே போச்சு. “அன்வர் கூட்டாளி சொல்றேன். படிக்க அனுப்புங்க” என்பது மட்டும் இருந்தது. கீழே என்னென்ன படிப்பு இருக்கிறது என்ற விவரமும் அட்மிஷன் நம்பரும் ஓடின. எனக்கு ரத்தம் கொதித்தது. சண்டை போடுவதற்காக வண்டியை எடுத்தேன்.

வழியிலேயே அம்மி போன் செய்தார். அந்த வீடியோ உங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மாமுவிடம் வந்துவிட்டதாம். அவர் இரண்டு தடவை பார்த்தாராம். “அன்வர் கூட்டாளியே மைக்ல சொல்லிட்டான். அப்புறம் நாம இன்னா சொல்றது. சேரட்டும்” என்று சொல்லிவிட்டாராம். “ஆனா அந்தக் காலேஜ் வேணாம், கவருமெண்டுலயே சேரட்டும்” என்றாராம்.

நான் மலையைப் பார்க்க வண்டியை ஓரங்கட்டி நின்றேன். நான் உண்மையாகப் பேசியது அவர் காதில் விழவில்லை. அவர்கள் திருட்டுத்தனமாக வெட்டியதுதான் விழுந்தது. இதற்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா? இன்னொரு சந்தேகமும் உண்டு. மாமுவே எப்போதோ மனசு மாறி, இறங்கிவர ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தாரோ? அவரிடம் கேட்டேன். “மெத்த வேணுமா உனக்கு?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஷபானா சேர்ந்துவிட்டாள். தமிழ் இலக்கியம். காலையில் செங்கம் ரோடு பஸ் ஸ்டாப்பில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது. பாடம் படிக்கிறாள் என்று பக்கத்தில் நிற்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் கடைக்கு வந்தாள். நம் பாட்டில் உன் குரல் மட்டும் தனியாக வேண்டும் என்றாள். நாம் பதிவு செய்த பழைய டேக் எல்லாம் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். “அழுகாச்சி வந்தா வீட்ல கேளும்மா, பஸ்ல கேக்காத” என்றேன்.

“அழறதுக்கு இல்ல அண்ணா. அடிக்கிறதுக்கு” என்றாள்.

நேற்று சாயங்காலம் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். முதலில் நீ வருகிறாய். உன் இரண்டு வரி, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். பிறகு அவள் வருகிறாள்.

‘நீ வேணாம்னு தாண்டுன கேட்டுக்கு
நான் வரிசையில நின்னேன் சீட்டுக்கு’

அப்படியே போகிறது. உன்னை விடவில்லை, என்னையும் விடவில்லை. கடைசியில் இசையை நிறுத்திவிட்டு உன்னை மறுபடி பேசவிடுகிறாள். ‘மைக்கு ஒண்ணு போதும்’ என்கிறாய். பாட்டாக இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் அவள் கேட்கிறாள்:

“போதும்னா, ஏன் எனக்குத் தரல?”

அதோடு முடிகிறது. உனக்குப் பதில் சொல்ல இடமே வைக்கவில்லை. அவள் நம் இரண்டு பேரையும்விட நன்றாக எழுதுகிறாள். அதைக் கல்லூரி கொடுத்ததா என்று கேட்காதே, சேர்ந்து இன்னும் ஒரு பருவத் தேர்வுகூட முடியவில்லை. கொடுத்தது கல்லூரி இல்லை, நாமும் இல்லை. நாம் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருத்தன் நம்மைத் தாக்கிப் பாடினால் அந்த வாரமே பதில் பாட்டு போகவேண்டும். நீ மாட்டினால் நான் எழுதுவேன், நான் மாட்டினால் நீ எழுதுவாய். நேற்று கூட நின்று கேட்ட கடைப் பையன்கள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், ‘அன்வர் அண்ணனுக்காக நீங்க பதில் போடலியா?’ என்று.

போடமாட்டேன் மச்சான். இது சத்தியம். உன் பங்குக்கு ஒரு வரி, ஒரு வார்த்தைகூட எழுதமாட்டேன். வேறு யாராவது எழுதவந்தாலும் விடமாட்டேன். இந்த ஒரு முறை நீ தோற்றுவிடு. நானும் பக்கத்திலேயே தோற்று நிற்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கு மச்சானும், ஷபானாவுக்கு மிச்சமிருக்கிற அண்ணனுமான
அடி அண்ணாமலை குமரேசன்